உள்ளுக்கு என்ன இருக்கு?

ஜனவரி 7, புதன்

மகள் சாருகாவை இன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்தோம். காரின் பின்சீட்டில் இரண்டு கம்பளிக்குள் சுருண்டிருந்தாள். ஹீட்டரைக் கூட்டிவிடவா என்று மனைவி வதனி கேட்டாள். சாருகா கம்பளியை இழுத்து இறுக்கினாள். ஏஜாக்ஸில் எங்கள் வீடு வந்து சேரும்வரை அப்படியே இருந்தாள்.

நான் ட்ரக் ஓட்டுகிறவன். வினிபெக், கல்கரி என்று கிழமைக்கணக்கில் வெளியேதான் இருப்பேன். ஓடிய தூரத்தையும் நின்ற இடத்தையும் அன்றன்றே எழுதி வைப்பது தொழிலில் கட்டாயம். இப்போது பிள்ளைக்காக லீவு போட்டிருக்கிறேன். ட்ரக் இல்லை. எழுதாமல் படுக்கவும் முடியவில்லை. அதனால் இது.

இந்த நோயின் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. 'சாப்பிட மறுக்கிற வருத்தம்' என்று வதனி தன் தாய்க்குப் போனில் சொன்னாள். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. மறுக்கவில்லை, அவளால் முடியவில்லை என்றார். பதினேழு வயதுப் பிள்ளைக்குச் சாப்பிட முடியவில்லை.

என்ன சாப்பாடு, எவ்வளவு என்று தாய் தகப்பன்தான் தீர்மானிக்க வேண்டுமாம். தட்டு காலியாகும்வரை பக்கத்தில் இருக்க வேண்டும். வாதாடக்கூடாது. எடையைப் பற்றி அவளிடம் பேசவே கூடாது. வதனி முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறாள், பகல் முழுவதும் அங்கேதான். ஆகவே குசினி எனக்கு. எனக்குத் தெரிந்த சமையல் முட்டை பொரிப்பது.

ஜனவரி 8, வியாழன்

பாணும் உருளைக்கிழங்குக் கறியும். பாணைப் பிய்த்துப் பிய்த்து மணல் மாதிரி ஆக்கினாள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். கால்வாசிதான் உள்ளே போனது. மிச்சத்தை எறிந்தேன். எனக்குப் பசிக்கவில்லை, தேநீர் குடித்தேன்.

பின்னேரம் வாசலில் பனி உருக உப்புப் போட்டேன். வழுக்கல்.

ஜனவரி 10, சனி

பனி. இரண்டு முறை வழித்தேன்.

ஜனவரி 13, செவ்வாய்

கிளினிக். உணவு ஆலோசகர் ஹெலன் நல்ல மனுசி, சத்தம் போட்டுப் பேசாதவர். இந்த வருத்தம் வருவதற்கு முன்னால் உனக்கு எந்தச் சாப்பாடு பிடிக்கும் என்று சாருகாவிடம் கேட்டார். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஆங்கிலத்தில், வான்கோழி பர்கர் என்றாள்.

நான் வதனியைப் பார்த்தேன். வதனி என்னைப் பார்க்கவில்லை. அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

பத்தாம் வகுப்பில் வாலிபோல் விளையாடிய காலத்தில், ஆட்டம் முடிந்து தோழி எமிலி வீட்டுக்குப் போவார்களாம். எங்கள் வீட்டில் மாடு சாப்பிடுவதில்லை என்று எமிலியின் தாய் இவளுக்கென்றே வான்கோழி இறைச்சியில் பர்கர் செய்வாராம். நடுவில் சீஸை வைத்து மூடி. கடித்தால் உள்ளே இருந்து சீஸ் உருகி வழியும் என்று சொல்லும்போது அவளுடைய கை ஒருமுறை அசைந்தது. அவ்வளவுதான்.

"அதைச் செய்து கொடுங்கள்" என்றார் ஹெலன் என்னிடம்.

வீட்டுக்கு வந்ததும் எமிலியின் தாய்க்குப் போன் எடுத்தேன். என் ஆங்கிலம் ட்ரக் ஆட்களோடு பேசுகிற ஆங்கிலம். ஆனாலும் பொறுமையாகச் சொல்லித் தந்தார். தனி நெஞ்சு இறைச்சி வேண்டாம், வறண்டுபோகும், தொடை இறைச்சி கலந்து அரைத்ததை வாங்கு. ஒரு உருண்டையை இரண்டாகப் பிரித்து மெல்லிய வட்டமாகத் தட்டு. ஒன்றின் நடுவில் சீஸ், மேலே மற்றது. ஓரத்தை நன்றாக அழுத்தி மூடு. கடைசியில் சாருகா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்.

நல்லா இருக்கிறாள் என்றேன்.

ஜனவரி 14, புதன்

அரைத்த வான்கோழி இறைச்சி கோழி மாதிரி இல்லை. பசை மாதிரிக் கையில் ஒட்டுகிறது. பாண் தூள், வெங்காயம், உள்ளி, கொஞ்சம் பச்சை மிளகாய் போட்டுப் பிசைந்தேன். வட்டம் வட்டமாக வரவில்லை, கனடாப் படம் மாதிரி வந்தது. மூடித் தாச்சியில் போட்டேன். சீஸ் ஒரு பக்கத்தால் வெடித்து ஓடி, கருகி, புகை எழும்பிப் புகை அலாரம் அடிக்கத் தொடங்கியது. கதிரையில் ஏறி நின்று துவாயால் விசிறிக்கொண்டிருந்தேன். சாருகா படியில் வந்து நின்றாள்.

"அப்பா, அடுப்பை நிப்பாட்டுங்கோ முதல்ல."

அவள் சிரித்ததுபோல இருந்தது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் மேலே போய்விட்டாள்.

ஜனவரி 15, வியாழன்

ஈரக் கையால் தட்டினால் ஒட்டாது. மூடிய பிறகு கொஞ்ச நேரம் பிரிட்ஜில் வைத்தால் இறுகும். அடுப்பு நடுத்தரச் சூட்டில் இருக்க வேண்டும். நடுவில் விரலால் ஒரு பள்ளம் வைத்தால் பந்து மாதிரி உப்பாது. இறைச்சி உள்ளே சிவப்பாக இருக்கக்கூடாது, சூடு பார்க்கிற கம்பி ஒன்று வாங்கினேன்.

இன்று வெடிக்கவில்லை. பன்னுக்குள் வைத்துக் கொடுத்தேன். அவள் முதலில் கத்தியால் நடுவே வெட்டினாள். சீஸ் வழிவதைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ளுக்கு என்ன இருக்கு?"

"சீஸ்தான் பிள்ளை. எமிலி வீட்டில செய்யிற மாதிரி."

"வேற ஒண்டும் இல்லையே?"

"இல்லை."

பாதி சாப்பிட்டாள். பாதி! வதனிக்கு வேலையில் போன் எடுத்துச் சொன்னேன். அவள் அழுதாள் என்று நினைக்கிறேன், பின்னால் யாரோ கிழவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததால் சரியாகக் கேட்கவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

கிளினிக். எடை இறங்கியிருக்கிறது. இவ்வளவு பாடுபட்டும் இறங்கியிருக்கிறது. ஹெலன் எங்களை மட்டும் தனியே கூப்பிட்டு, இது போதாது, பட்டர், கிரீம், எண்ணெய் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும் என்றார். இதயம் மெதுவாக அடிக்கிறது. இன்னும் மெதுவானால் திரும்ப ஆஸ்பத்திரி.

காரில் வதனி கேட்டாள்: "பட்டரை அவள் தொடுவாளோ? பாணில பூசினாலே மணந்து பாத்து வைச்சிடுவாள்."

"நான் பாத்துக்கொள்ளுறன். நீர் யோசிக்காதையும்" என்றேன்.

ஜனவரி 21, புதன்

சீஸைத் துருவிப் பட்டரோடும் கொஞ்சம் கிரீமோடும் சேர்த்து உருட்டி, உறைய வைத்து, அந்த உருண்டையை நடுவில் வைத்து மூடினேன். வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. அவள் மேலே குளித்துக்கொண்டிருந்தாள். பட்டர் சுற்றிய தாளைக் குப்பையின் அடியில் போட்டேன், மேலே இருந்தால் எறும்பு வரும்.

"உள்ளுக்கு என்ன இருக்கு?"

"சீஸ்."

பொய் இல்லை. சீஸும்தானே இருந்தது.

முழுவதையும் சாப்பிட்டாள். முழுவதையும். தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது, "இண்டைக்கு டேஸ்ட் நல்லா இருந்தது" என்றாள். நான் குசினியில் கனநேரம் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

ஜனவரி 25, ஞாயிறு

பெல்டில் புதிதாக ஓட்டை போட்டேன். தோல் இழுபட்டுவிட்டது போல.

ஜனவரி 27, செவ்வாய்

எடை ஏறியிருக்கிறது. ஹெலன் என் தோளில் தட்டினார். சாருகாவிடம் எண்ணைச் சொல்லவில்லை, ஆனால் எங்கள் முகத்தைப் பார்த்தே அவளுக்கு விளங்கிவிட்டது. திரும்பி வரும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஜனவரி 29, வியாழன்

மத்தியானம் இறைச்சியைத் தட்டி, உருண்டையை நடுவில் வைத்த நேரம் சாருகா பின்னால் நின்றாள். காலில் தடித்த காலுறை, வந்த சத்தமே கேட்கவில்லை.

அவள் கை நீட்டி உருண்டையை எடுத்தாள். விரலால் நசுக்கினாள். மணந்து பார்த்தாள்.

"பட்டர்."

"பிள்ளை..."

"எத்தினை நாளா?"

நான் ஈரக் கையைத் துவாயில் துடைத்தேன்.

"அம்மாதான் ஒளிச்சுச் செய்வா எண்டு நினைச்சன். நீங்கள் ஒண்டையும் மறைக்கமாட்டீங்கள் எண்டு நினைச்சன் அப்பா." சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம். கையைக் கழுவினாள், சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவினாள். மேலே போய்க் கதவைச் சாத்தினாள்.

அடுப்பில் தாச்சி காய்ந்துகொண்டே இருந்தது.

ஜனவரி 30, வெள்ளி

ஒன்றும் சாப்பிடவில்லை.

ஜனவரி 31, சனி

தண்ணீர் மட்டும். வதனி காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். சாருகா என்னை அறைக்குள் விடவில்லை.

பெப்ரவரி 1, ஞாயிறு

குளியலறை வாசலில் மயங்கி விழுந்தாள். தூக்கினேன். பாரமே இல்லை. இதற்குமேல் எழுதவில்லை.

பெப்ரவரி 4, புதன்

திரும்ப ஆஸ்பத்திரி. மூக்கால் குழாய் விட்டிருக்கிறார்கள். பால் நிறத்தில் ஏதோ சொட்டுச் சொட்டாகப் போகிறது. நான் உள்ளே போனால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறாள். ஆகவே வெளியே கதிரையில் இருக்கிறேன். இங்கேயிருந்து அவள் கால் மட்டும் தெரிகிறது.

பெப்ரவரி 6, வெள்ளி

ஆஸ்பத்திரிக் கார் தரிப்பிடத்தில் வதனி வெடித்தாள். நல்ல குளிர், இருவர் வாயிலிருந்தும் புகை வந்தது.

"நான் கேட்டனானோ அவளுக்கு ஒளிச்சு வையுங்கோ எண்டு?"

"எடை ஏறினதுதானே?"

"ஏறி என்ன? அவள் நம்பின ஒரே ஆள் நீங்கள். நான் ஒவ்வொரு நாளும் அவளோட சண்டை பிடிச்சனான். நீங்கள் மாசத்தில ரெண்டு தரம் வருவீங்கள், சொக்லேட்டோட. அதால உங்களை நம்பினாள். அதையும் முடிச்சுப்போட்டீங்கள்."

நான் காரின் கண்ணாடியில் படிந்திருந்த பனியைச் சுரண்டினேன். சுரண்டி முடித்த பிறகும் சுரண்டிக்கொண்டிருந்தேன். வதனி வந்து என் கையிலிருந்த சுரண்டியை வாங்கிக் காருக்குள் போட்டாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

பெப்ரவரி 9, திங்கள்

அண்ணன் லண்டனிலிருந்து போன் எடுத்தார். "சண்டை நேரம் வன்னியில கஞ்சிக்கு வரிசையில நிண்ட சனமடா நாங்கள். இவளுக்கு என்ன குறை? ரெண்டு போட்டால் சாப்பிடுவாள்."

போனை வைத்துவிட்டேன். துணி மடித்தேன். சாருகாவின் காற்சட்டைகள் எல்லாம் சின்னப் பிள்ளைகளுடையது மாதிரி இருக்கின்றன.

பெப்ரவரி 12, வியாழன்

வேலையிலிருந்து, ட்ரக்குகளை அனுப்புகிற டிஸ்பாச்சர் போன் எடுத்தான். எப்போது வருவாய் என்று கேட்டான். தெரியாது என்றேன்.

பெப்ரவரி 19, வியாழன்

இன்று பின்னேரம் நான் கதிரையில் இருந்தபோது உள்ளேயிருந்து "அப்பா" என்று கேட்டது. முதலில் வேறு அறையில் யாரோ என்று நினைத்தேன்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். குழாய் இன்னும் மூக்கில் இருந்தது. கன்னத்தில் ஒட்டுத்தாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் இடுப்பைப் பார்த்தாள்.

"மத்தியானம் என்ன சாப்பிட்டனீங்கள்?"

"கன்டீன்ல சான்ட்விச்."

"என்ன சான்ட்விச்?"

"முட்டை... கோழி."

"முட்டையோ கோழியோ?"

நான் சிரிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"பெல்டில ரெண்டு புது ஓட்டை இருக்கு. நீங்கள் சாப்பிடேல்ல அப்பா. வீட்டிலயும் சாப்பிடேல்ல. எனக்கு வைச்சிட்டு, பசிக்கேல்ல, பிறகு சாப்பிடுறன் எண்டு தேத்தண்ணி குடிப்பீங்கள். அது ஒவ்வொண்டும் நான் சொல்ற பொய். எனக்குத் தெரியாதோ?"

நர்ஸ் ஒருவர் வந்து குழாயைச் சரிபார்த்துவிட்டுப் போனார்.

"உனக்கு முன்னால இருந்து எனக்கு இறங்குதில்லை பிள்ளை," என்றேன். இதை நான் வதனியிடமும் சொன்னதில்லை. இங்கேயும் எழுதவில்லை என்று இப்போது பக்கங்களைப் புரட்டும்போது தெரிகிறது.

"அப்ப நாங்கள் ரெண்டு பேரும் பொய்க்காரர்," என்றாள்.

"பட்டரை ஒளிச்சு வைச்சது பிழை. நான் பயந்திட்டன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். போகச் சொல்கிறாள் என்று எழும்பினேன். "இருங்கோ" என்றாள். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

மார்ச் 4, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டாள். குழாய் இல்லை. இந்த முறை முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

மார்ச் 5, வியாழன்

ஹெலனோடு போனில் நீண்ட பேச்சு. சமைக்கும் இடத்துக்குள் பிள்ளையை விடாமல் இருப்பதுதான் கிளினிக்கின் வழக்கம். எதைப் போடுகிறோம் என்று பார்த்தால் சண்டை தொடங்கும். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: ஒளித்ததால்தான் இப்படி வந்தது, இந்த ஒரு சாப்பாட்டை மட்டும் அவள் முன்னால் செய்து பார்க்கிறேன். ஹெலன் யோசித்தார். அவள் பார்க்கலாம், ஆனால் எவ்வளவு போடுவது என்பதை அவள் தீர்மானிக்கக்கூடாது, நீ விட்டுக்கொடுத்தால் அன்றோடு முடிந்தது என்றார்.

மார்ச் 8, ஞாயிறு

காலையிலேயே சாருகாவிடம் சொன்னேன். இன்று மத்தியானம் பர்கர். பட்டர் போடுவேன். நீ வந்து பார்க்கலாம், போடாதே என்று சொல்ல முடியாது.

"அப்ப நான் ஏன் பாக்கவேணும்?"

"நான் ஒளிக்கேல்ல எண்டு உனக்குத் தெரியவேணும்."

வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். குளிர்ச்சட்டையின் கைகளை விரல்களுக்குமேல் இழுத்துவிட்டு, கதவோரம் நின்றாள். நான் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் செய்தேன். இறைச்சி. பாண் தூள். வெங்காயம். உள்ளி. இப்ப சீஸ். இப்ப கிரீம். பட்டரை எடுத்தபோது என் குரல் கொஞ்சம் மாறிவிட்டது.

"இப்ப பட்டர்."

"அவ்வளவு வேண்டாம்."

"இவ்வளவுதான் போடவேணும்."

"அப்பா, பிளீஸ். பாதி போடுங்கோ. பாதி போட்டால் நான் முழுக்கச் சாப்பிடுறன், சத்தியமா."

எவ்வளவு நியாயமாகக் கேட்டாள்! கடைக்காரனிடம் பேரம் பேசுவதுபோல இல்லை, மூழ்குகிறவள் கேட்பதுபோல இருந்தது. என் கை நின்றுவிட்டது. பாதி என்றால் என்ன, ஒன்றுமில்லாததற்குப் பாதி நல்லதுதானே என்று ஓடியது மனம். பிறகு குளியலறை வாசலில் அவளைத் தூக்கியது நினைவுக்கு வந்தது.

முழுவதையும் வைத்தேன். மூடினேன். அவள் பார்க்கப் பார்க்க ஓரத்தை அழுத்தினேன்.

"ஐ ஹேட் யூ" என்றாள்.

"ஓம்."

"உண்மையா."

"ஓம் பிள்ளை."

மூன்று பர்கர் செய்தேன். வதனி இரவு வந்தால் சாப்பிட ஒன்று. மற்ற இரண்டில் ஒன்றைச் சாருகாவின் தட்டிலும் ஒன்றை என் தட்டிலும் வைத்தேன். மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் வெட்டினாள். மஞ்சளாக வழிந்தது. இந்த முறை உள்ளே என்ன என்று கேட்கவில்லை. அழுதுகொண்டே முதல் துண்டை வாயில் வைத்தாள். மூக்கு ஒழுகியது, துடைத்தாள், மென்றாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்களும் கடியுங்கோ," என்றாள். "நான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

கடித்தேன். தொண்டைக்குள் நின்றது. தண்ணீர் குடித்து இறக்கினேன். அவள் அடுத்த துண்டை எடுக்கவில்லை, நான் எடுக்கும்வரை. அப்படியே மாறி மாறி. ஆறிப்போய்விட்டது, எழும்பிப் போய் இரண்டையும் சூடாக்கிக் கொண்டுவந்தேன். திரும்பவும் ஆறியது. ஜன்னலில் வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது என் தட்டும் அவள் தட்டும் காலி.

அவள் மேலே போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே அழுவது கேட்டது. நான் படியில் இருந்தேன். போய்த் தட்டவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

கிளினிக். எடையில் மாற்றமில்லை. இறங்கவில்லை, அது போதும் என்றார் ஹெலன். டாக்டரிடம் எவ்வளவு காலம் எடுக்கும் என்று வதனி கேட்டாள். வருடங்கள் என்றார். சிலர் முழுதாக வெளியே வருவார்கள், சிலர் பாதி, சிலர் வருவதில்லை என்றும் சொன்னார். வதனி தன் கைப்பையை மூடித் திறந்து மூடினாள்.

மார்ச் 12, வியாழன்

காலை பிஸ்கட்டைச் சட்டைக் கைக்குள் ஒளித்தாள். கண்டுவிட்டேன். இன்னொன்று கொடுத்தேன். சாப்பிட்டாள்.

மார்ச் 15, ஞாயிறு

வதனி இன்று லீவு. மூன்று பேரும் ஒன்றாக மேசையில் இருந்து சாப்பிட்டு எவ்வளவு காலம் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில் வரவில்லை.

வதனிதான் இறைச்சியைத் தட்டினாள், என்னைவிட அழகாக வருகிறது அவளுக்கு. பட்டரை நான் வைத்தேன். சாருகா கதவோரம் நின்று பார்த்தாள். அளவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

மேசையில் வதனி எதையாவது பேச வேண்டுமென்று வேலையில் ஒரு கிழவி தன் பல்செட்டைப் பூச்சாடிக்குள் போட்டுவிட்டுத் தேடிய கதையைச் சொன்னாள். நான் சிரித்தேன். சாருகா மென்றுகொண்டே இருந்தாள். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் அவள் கண் எங்கோ போய்விட்டு வரும். போன இடத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் அவள்தான் தன்னை இழுத்து வரவேண்டியிருக்கிறது. நாங்கள் பக்கத்தில் இருக்க மட்டும்தான் முடிகிறது.

கடைசித் துண்டை விழுங்கிய பிறகு தட்டைக் கொஞ்சம் தள்ளிவைத்தாள்.

"நாளைக்கும் இப்பிடித்தானோ?"

"ஓம்," என்றேன்.

"அடுத்த நாளும்?"

"ஓம்."

"எவ்வளவு காலத்துக்கு அப்பா?"

வதனி மேசைக்குக் கீழே என் முழங்காலைத் தொட்டாள். கொஞ்ச நாள்தான், கோடை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

"தெரியாது பிள்ளை."

சாருகா தலையாட்டினாள். அந்தப் பதிலைத்தான் எதிர்பார்த்திருந்தவள் போல. பிறகு எழும்பி, தன் தட்டோடு எங்கள் தட்டுகளையும் எடுத்துக்கொண்டு, கழுவப் போனாள்.